பந்திக்குக் கூப்பிடாத தம்பி

என் அப்பா தன் ஆயுளில் பார்த்த சினிமாக்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அவற்றில் ஒன்றை மட்டும் எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. பழைய கறுப்பு வெள்ளைப் படம். அண்ணன், தம்பி, வீட்டுக்கு வந்த இரண்டு மருமகள்கள், மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு அம்மா. அந்தக் காலத்தில் இந்த மாதிரிப் படங்கள் வண்டி வண்டியாக வந்தன. ஊரை மாற்றி, உறவை மாற்றி, அதே கண்ணீரைத் திரும்பத் திரும்ப விட்டார்கள். ஜனங்களும் சளைக்காமல் அழுதார்கள்.

கதை இதுதான். தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணன் உழுது பாடுபட்டுத் தம்பியைப் படிக்க வைக்கிறான். தம்பி உத்தியோகத்துக்குப் போய், பெரிய இடத்தில் பெண் எடுத்து, டவுனில் வீடு கட்டுகிறான். கிரகப்பிரவேசத்துக்கு அண்ணன் கிராமத்திலிருந்து வருகிறான். பந்தி போடுகிறார்கள். கோட்டுப் போட்டவர்களையெல்லாம் கையைப் பிடித்து அழைத்துப்போய் இலையில் உட்கார வைக்கிற தம்பி, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அண்ணனை மட்டும் கூப்பிடுவதில்லை. ஒரு பந்தி எழுந்திருக்கிறது. அடுத்த பந்தியும் எழுந்திருக்கிறது. அண்ணன் துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெயிலில் நடக்கிறான். பின்னால் பாட்டு. கடைசியில் எல்லாவற்றையும் தொலைத்த தம்பி ஓடி வந்து காலில் விழ, அண்ணன் அவனைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொள்ள, சுபம்.

துண்டை உதறுகிற அந்த இடம் வந்தால் அப்பா தன் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார். தோள் குலுங்கும். உள்ளேயிருந்து அம்மா, "ஆரம்பிச்சாச்சா?" என்பாள். அறுவடை மெஷின்காரர் வாசலில் வந்து நின்றாலும் அந்தப் பாட்டு முடிகிறவரை அவருக்குப் பதில் கிடைக்காது.

எனக்கு அந்தப் படத்தின்மேல் ரொம்ப நாளாகக் கோபம். நல்ல படம்தான், நடித்தவர்களும் சாமானியப்பட்டவர்கள் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு எப்படிக் கோபித்துக்கொள்வது என்று கற்றுக்கொடுத்ததே இந்த மாதிரிப் படங்கள்தான். முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது, எத்தனை வேகத்தில் நடப்பது, எந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொள்வது, எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வருவது எப்படி என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. படத்தில் அதற்கு ஒரு டைரக்டர் இருந்தார். எங்கள் வீட்டில் யார் இருந்தார்கள்?

எங்கள் வீடு குடவாசலுக்குப் பக்கத்தில். நான் கல்யாணமாகித் திருவாரூரில் இருக்கிறேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. சனி ஞாயிறு வந்தால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அப்பா அம்மாவைப் பார்க்க வந்துவிடுவேன். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடும்பம். நீளமான கூடத்தின் நடுவே ஒரு சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அப்பாவின் ஒரே தம்பி, என் சித்தப்பா. சுவர் என்றதும் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. பாகம் பிரித்தபோது ஒரு சின்ன மனஸ்தாபம்கூட இல்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்தே நின்று கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக்கொடுத்தார்கள். சுவர் வந்த பிறகும் எங்கள் வீட்டுக் காபி அந்தப் பக்கமும் அவர்கள் வீட்டு அடை இந்தப் பக்கமும் வாசல் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தன.

சண்டை வந்தது சித்தப்பா மகள் கல்யாணத்தில்.

கல்யாணம் திருவாரூரில் ஒரு மண்டபத்தில். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று சொல்லவேண்டும். பத்திரிகை வைத்து அழைத்தால் மட்டும் போதாது. தாலி கட்டி முடிந்ததும், உட்கார்ந்திருக்கிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் போய், கைகூப்பி, "சாப்பிட வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். யார் சொல்வது? பெண்வீட்டில் மூத்தவர் யாரோ அவர். அந்த ஒரு வார்த்தை காதில் விழாமல் தன்மானமுள்ள யாரும் இலையில் உட்கார மாட்டார்கள். சாம்பார் வாசனை மண்டபத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அன்றைக்கு அப்பா மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தம்பி வந்து கூப்பிடுவான் என்று நின்றார். தம்பி மேடைக்குப் பக்கத்தில் சம்பந்திகளோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணன் வந்து எல்லோரையும் கூப்பிட ஆரம்பிப்பார் என்று நின்றார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டுச் சித்தியின் தம்பி ஓடிப்போய் எல்லோரையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பெண்ணுக்கு மாமா அவர். அவர் அப்பாவையும் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு மூத்தவரைப் போய் விருந்தாளி மாதிரி எப்படிக் கூப்பிடுவது என்று அவர் விட்டுவிட்டார்.

ஒரு பந்தி எழுந்தது. அடுத்த பந்தியும் எழுந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்த இடத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஏனென்றால் அது அப்பாவின் நடையே இல்லை. எங்கள் அப்பா கொஞ்சம் சாய்ந்து, வரப்பில் நடக்கிற மாதிரி பாதத்தை எட்டி எட்டி வைத்து நடப்பார். அன்றைக்கு நிமிர்ந்து, மெதுவாக, ஒவ்வோர் அடியாக வைத்துப் போனார். பாட்டு ஒன்றுதான் குறை. அந்தப் படத்து அண்ணன் ஊர்வரைக்கும் வெயிலில் நடந்தே போனான். எங்கள் அப்பா டவுன் பஸ் பிடித்தார்.

அதோடு பேச்சு நின்றது. அப்பா சொன்னது ஒரே வரி: "சோத்துக்கு என்னைக் கூப்பிட ஆள் இல்லை." சித்தப்பா சொன்னதும் ஒரே வரி: "வீட்டுக்காரரை யாராவது சோத்துக்குக் கூப்பிடுவாங்களா?" தன்னைக் கூப்பிடவில்லை என்று ஒருத்தருக்குக் கோபம். வீட்டுக்காரராக நின்று வந்தவர்களைக் கூப்பிடவில்லை என்று இன்னொருத்தருக்குக் கோபம். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருந்துவிட்டால் அந்தச் சண்டையைத் தீர்க்க யாராலும் முடியாது. நானும் ஆன மட்டும் முயற்சி செய்து, கத்தி, அழுது, கடைசியில் எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் உறவு எதுவும் அறுந்துவிடவில்லை. பங்காளிகள் இல்லையா? எங்கள் வகையறாவில் ஒரு கிழவர் இறந்தபோது அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கணக்கில் தீட்டுக் காத்து, கோயிலுக்குப் போகாமல் இருந்தார்கள். ஆடு மாடு அந்தப் பக்க வயலில் இறங்கினால் அப்பாவே ஓட்டிவிட்டு வருவார். அம்மாவும் சித்தியும் கொல்லைப்பக்கக் கிணற்றடியில் தினமும் பேசிக்கொண்டார்கள். கீரை, குழம்பு, வம்பு எல்லாம் கைமாறியது. அப்பாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி, "இன்னிக்கு வத்தக்குழம்பு நம்ம வீட்டு ருசியா இல்லையே" என்பார். பிறகு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வார்.

வேடிக்கை என்னவென்றால், சித்தப்பாவுக்கும் அதே படம்தான் உயிர். இளவயதில் ஒரே சைக்கிளில் போய் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த படம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்தச் சேனலிலாவது அதைப் போட்டால் சுவருக்கு இரண்டு பக்கமும் டிவி ஓடும். எங்கள் வீட்டில் டிஷ், அவர்கள் வீட்டில் கேபிள். அதனால் அவர்கள் பக்கம் வசனம் கொஞ்சம் முந்தி வரும். அந்தப் பக்கத்து அண்ணன் "தம்பீ" என்று கூப்பிட்டு முடித்த பிறகு எங்கள் பக்கத்து அண்ணன் கூப்பிடுவான். அதே மாதிரி அந்தப் பக்கம் சித்தப்பா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரம் கழித்து இந்தப் பக்கம் அப்பா உறிஞ்சுவார். இரண்டு பேரும் அழுது முடித்து, டிவியை நிறுத்தி, முகம் கழுவிக்கொண்டு, அவரவர் வாசலில் வந்து நின்று, ஒருவரையொருவர் பார்க்காமல் வானத்தைப் பார்ப்பார்கள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

ஒன்று கவனித்திருக்கிறேன். பந்திக் காட்சி வருகிறபோது மட்டும் அந்தப் பக்கம் சத்தம் குறைந்துவிடும். பாட்டு முடிந்து அடுத்த காட்சி வந்ததும்தான் திரும்பவும் கேட்கும். சித்தப்பாவால் அதைக் கேட்க முடியவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அப்பாவிடம் சொன்னதில்லை.

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை நான் வந்தபோது அம்மா கொல்லையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சித்தப்பாவும் சித்தியும் பெங்களூருக்கு மகள் வீட்டோடு போகிறார்கள். சித்தப்பாவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. வரப்பில் இறங்க முடியவில்லை. சம்பா அறுத்து, உளுந்து பிடுங்கி முடித்ததும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். அடிக்கடி வந்து போவதாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு எங்கே வருவது? ஒரேயடியாகத்தான் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அம்மா என்னைப் பார்த்ததும் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுச் சொன்னாள். "அவ போனா எனக்குப் பேச யாருடி இருக்கா? உங்கப்பா மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அது போவட்டும். போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கிட்டா போதும். இப்பப் பேசலைன்னா அப்புறம் எங்க பேசப்போறாங்க? ஒருத்தருக்கு ஒருத்தர் மாலை எடுத்துக்கிட்டு வர்றப்பதான்."

இத்தனை வருஷமாக அந்தச் சண்டை எனக்கு ஒரு வேடிக்கையாகவே பழகிப்போயிருந்தது. இரண்டு கிழவர்கள், நடுவே ஒரு சுவர். அதற்கு ஒரு கெடு இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அந்தப் படம். நான் ஒன்றும் செய்யவில்லை, சேனல்காரர்கள் போட்டார்கள். அப்பா சாப்பிட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பக்கமும் ஆரம்பித்தது. படம் பாதிக்கு வந்து, அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிரகப்பிரவேசத்துக்குப் புறப்படுகிற இடத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போய்விட்டது. எங்கள் ஊரில் இது சகஜம். ஒரு ஃபேஸ் போகும், ஒரு ஃபேஸ் இருக்கும். எங்கள் வீட்டு இணைப்பு ஒன்றில், சித்தப்பா வீட்டு இணைப்பு இன்னொன்றில். எங்கள் ஃபேன் நின்றது. அந்தப் பக்கம் படம் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்பாவுக்குக் காது மந்தம். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்தார். நாற்காலி தரையில் உரசிய சத்தம் அந்தப் பக்கம் கேட்டிருக்கவேண்டும். எங்கள் டிவி சத்தம் நின்றதும் தெரிந்திருக்கும். திடீரென்று அந்தப் பக்கம் சத்தம் கூடியது. இன்னும் கூடியது. கூடம் அதிர்ந்தது. சித்தி, "காது கிழியுது, என்னங்க இது!" என்று கத்துவது கேட்டது.

பந்திக் காட்சி வந்தது. வழக்கம்போலச் சத்தம் சட்டென்று குறைந்தது. அப்பா கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம்தான். பிறகு மறுபடியும் சத்தம் கூடியது. தான் இத்தனை வருஷமாகக் கேட்க மாட்டேன் என்று அடைத்துவைத்திருந்ததை அண்ணனுக்காகச் சித்தப்பா முழுசாகத் திறந்துவிட்டு உட்கார்ந்து கேட்டார். இலை போடுகிற சத்தம், "வாங்க வாங்க" என்று தம்பி யாரையோ கூப்பிடுகிற சத்தம், பாட்டு, எல்லாம் சுவரைத் தாண்டி வந்தன. அப்பா அன்றைக்கு அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ கணக்கு ஒத்துவராத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

படம் முடிந்ததும் நான் கேட்டேன். "சித்தப்பா உங்களுக்காகத்தாம்பா சத்தம் வச்சாரு. ஒரு வார்த்தை போய்ப் பேசினா என்ன?"

"நான் பேசமாட்டேன்னு சொன்னேனா? கூப்பிட்டா வர்றேன்" என்றார். இழவு, மறுபடியும் அதே இடம். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாயங்காலக் காபியில் சர்க்கரை போடாமல் கொண்டுவந்து வைத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை, புறப்படுவதற்கு முதல் நாள், மத்தியானம் சித்தப்பா வீட்டில் சாப்பாடு. ஊரில் வேண்டியவர்களுக்கும் பங்காளி வீடுகளுக்கும் சொல்லியிருந்தார்கள். சித்தி எங்கள் வீட்டுக்குள் வந்து, அப்பா இருக்கிற திசையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "எல்லாரும் வந்துடணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, சட்டை போட்டு, காலையிலிருந்தே தயாராக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உங்களையும் சேத்துத்தானே சொன்னா" என்றாள் அம்மா. "வீட்டுக்காரன் வந்து கூப்பிடட்டும்" என்றார் அப்பா. அம்மா கையைத் தட்டி உதறிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். நானும் போனேன்.

அங்கே கூடத்தில் பாதி சாமான்கள் கட்டி வைத்திருந்தார்கள். வெறுந்தரையில் பாய் விரித்து, இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. உப்பு, ஊறுகாய், வாழைக்காய் வறுவல், பச்சடி வரைக்கும் வைத்தாயிற்று. வந்தவர்கள் வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். சாமான் ஏற்ற வந்த வேன்காரரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரம் போயிற்று. சோற்றில் ஆவி அடங்கிவிட்டது. சித்தி வந்து அவர் காதோரம், "எல்லாரையும் கூப்பிடுங்க" என்றாள். அவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"நான் கூப்பிடமாட்டேன்."

"பின்ன யாரு கூப்பிடறது?"

"எங்கப்பா செத்ததுலேர்ந்து இந்த வீட்டுல பந்திக்குக் கூப்பிடறவரு ஒருத்தர்தான். அவரு வந்து கூப்பிடட்டும். இல்லைன்னா எல்லாரும் பசியோட எந்திரிச்சுப் போவட்டும். நான் ஊரை விட்டுப் போறப்பவும் இன்னொருத்தனை வச்சுக் கூப்பிடச் சொல்லமாட்டேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் குரல் உடைந்திருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வது? இத்தனை வருஷம் சித்தப்பாவின் அந்த ஒரே வரியை நான் வீம்பு என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது, அந்த மனுஷர் தன் அண்ணனுக்கு வைத்திருந்த இடத்தில் வேறு யாரையும் ஏற்ற மாட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். சொந்த மகள் கல்யாணத்திலும் இப்படித்தான் காத்து நின்றிருப்பார்.

ஓடினேன். அப்பா அதே நாற்காலியில், அதே வெள்ளை வேட்டியில்.

"அங்க யாரும் சாப்பிடலைப்பா" என்றேன்.

"ஏன், சமையல் ஆகலையா?"

"எல்லாம் ஆச்சு. இலை போட்டு, பதார்த்தம் வச்சு, காஞ்சுக்கிட்டு கெடக்கு. கூப்பிட ஆளில்லை. சித்தப்பா கூப்பிடமாட்டேன்னு உக்காந்துட்டாரு. இந்த வீட்டுல கூப்பிடறவரு நீங்கதானாம். நீங்க வரலைன்னா எல்லாரையும் பசியோட போகச் சொல்றாரு."

அப்பா என்னையே பார்த்தார். கேட்கவில்லையோ என்று மறுபடி கத்திச் சொல்லப்போனேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வெளியூர்லேர்ந்து வந்தவங்களுமா சாப்பிடலை?"

"யாருமே சாப்பிடலை."

"வேன்காரரு?"

"அவருந்தான்."

"அட கிறுக்குப் பயலே" என்றார். என்னை இல்லை. எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தன் சாய்ந்த நடையில், பாதத்தை எட்டி எட்டி வைத்து, எங்கள் வாசலில் இறங்கி அவர்கள் வாசலில் ஏறினார்.

அப்பா யார் முகத்தையும் தவறவிடாமல், ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கைகூப்பி, "சாப்பிட வாங்க... சாப்பிட வாங்க... ரொம்ப நேரம் காக்க வச்சிட்டோம், மன்னிச்சுக்கணும்... சாப்பிட வாங்க" என்றார். வேன்காரரையும் கூப்பிட்டார். எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்ததும் சித்தப்பாவின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். சித்தப்பா எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி விடவில்லை. அப்பா அவர் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினார்.

"நீங்க உக்காருங்கண்ணே" என்றார் சித்தப்பா.

"வந்தவங்க முதல்ல சாப்பிடட்டும். நீயும் நானும் கடைசிப் பந்தி."

அப்படியே செய்தார்கள். அப்பா பந்தியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, "இங்க ரசம் வரலை, அங்க அப்பளம் போடு" என்று எங்களையெல்லாம் விரட்டினார். அம்மாவும் சித்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பரிமாறினார்கள், பார்த்தால் அழுதுவிடுவார்கள் என்று. எல்லோரும் எழுந்து போன பிறகு இரண்டு இலை போட்டோம். சித்தப்பாவால் கீழே உட்கார முடியாது என்று நாற்காலியும் ஸ்டூலும் போட்டோம். அப்பாவும் பிடிவாதமாக அதே மாதிரி ஒரு நாற்காலி கேட்டு அவருக்குச் சமமாக உட்கார்ந்தார்.

பேச்சைச் சித்தப்பாதான் ஆரம்பித்தார்.

"அன்னிக்கு ரொம்பப் பசியோட போனீங்களாண்ணே?"

அப்பா சாம்பார் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு, "பொய் சொல்லக்கூடாது. பஸ் ஸ்டாண்டு கிட்ட இட்லி சாப்பிட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன்" என்றார்.

அம்மா கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். அவர் பட்டினியாக வந்தார் என்று இத்தனை காலமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சித்தியும் சிரித்துவிட்டாள்.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "நான் சாப்பிடலைண்ணே" என்றார். "கடைசிப் பந்தி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் தொண்டையில எறங்கலை."

சிரிப்பு நின்றுவிட்டது. சினிமாவுக்கெல்லாம் அழுகிற அப்பா அழவில்லை. தம்பியின் இலையைப் பார்த்தார். அதில் சோறு ஏறக்குறைய தீர்ந்திருந்தது. தன் பக்கம் இருந்த சோற்றுப் பாத்திரத்தை எடுத்து, என்னையும் அம்மாவையும் கிட்டே வரவிடாமல், தானே அள்ளி அவர் இலையில் போட்டார்.

"சாப்பிடுடா" என்றார்.